சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம்

அம்மாவுக்கு எந்த வைத்தியரிடம், எந்த அலுவலகத்தில் டெர்மின் குறித்திருந்தாலும் பக்கத்தில் இருந்து ஜெர்மன் பேசுவது அஜிதாவின் வேலை. எட்டு வயதில் தொடங்கியது. அப்பாவின் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியின் புற்றுநோய் விடுதியிலும் அவள்தான் பேசினாள். இப்போது அவளுக்கு இருபத்தேழு வயது, டோர்ட்மண்டில் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. அன்றும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பல் வைத்தியரிடம் வந்திருந்தாள்.

அம்மா குணேஸ்வரி ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். கொஞ்ச நாளாகத் தண்ணீர் பட்டாலே பல் கூசியது.

வைத்தியர் சிறு கண்ணாடியை வாய்க்குள் வைத்து நெடுநேரம் பார்த்தார். மேல்வரிசைப் பற்களின் உட்பக்கம் கரைந்திருக்கிறது என்றார். புளிப்பாக ஏதாவது குடிப்பாரா?

"ஓம், விடிய வெறும் வயித்தில தேசிக்காய்த் தண்ணி" என்றாள் குணேஸ்வரி. அஜிதா அதைச் சொன்னாள்.

அதனால் உட்பக்கம் மட்டும் இப்படிக் கரையாது என்றார் வைத்தியர். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "சாப்பிட்டதை அம்மா வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறாரா?"

அஜிதாவுக்கு அதைத் தமிழில் கேட்க வாய் வரவில்லை. இல்லை, அம்மா அப்படிச் செய்யமாட்டா என்று அவளே பதில் சொல்லத் தொடங்கினாள். அதற்குள் கதிரையில் படுத்திருந்த குணேஸ்வரி, "யா" என்றாள். வாந்தி என்ற ஜெர்மன் சொல்லை அவள் முதியோர் இல்லத்தில் தினமும் கேட்கிறவள். "அடிக்கடி" என்பதற்கும் ஜெர்மனில் அவளுக்குச் சொல் தெரிந்திருந்தது. அதையும் சொன்னாள்.

திரும்பும் வழியில், டிராமில் ஆட்கள் குறைந்த பிறகுதான் அஜிதா கேட்டாள். "எப்ப இருந்து அம்மா?"

"மிதுஷன்ர கலியாணத்துக்குப் பிறகு."

மிதுஷன் குணேஸ்வரியின் தமையன் மகன். அவனுடைய கலியாண வீடியோவை யூடியூப்பில் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமிக்கு ஒரு சாறி காணாது, இரண்டு வேணும் என்று யாரோ அதன் கீழே எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். குணேஸ்வரி தான் நடந்துவரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். சில நாட்களில், கேட்காமலே அவளுடைய போனில் இடுப்பைக் குறைப்பது எப்படி என்ற வீடியோக்கள் வரத் தொடங்கின.

"பகல் முழுக்கப் பட்டினி கிடப்பன். பின்னேரம் வீட்ட வந்தா கைக்கு அம்பிட்டதெல்லாம் தின்னுறது. பிறகு..." அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "கோயில்ல எல்லாரும் வடிவா மெலிஞ்சிட்டியள் எண்டு சொல்லேக்க, நான் எப்பிடி நிப்பாட்டுறது?"

குடும்ப வைத்தியர் உளச்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார். ஆனால் இலையுதிர் காலம் வரை எங்கேயும் இடமில்லை. அதுவரை ஒரு நேரமும் பட்டினி கிடக்கக்கூடாது, சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் யாராவது கூட இருக்கவேண்டும், குளியலறைப் பக்கம் போகவிடக்கூடாது என்றார்.

அந்த யாராவது அஜிதாதான். வேலை முடிந்து வந்து அம்மாவோடு சாப்பிட்டுவிட்டு, அப்படியே மேசையில் இருந்தாள். கதைக்க இருந்ததெல்லாம் இரண்டு மூன்று நாட்களில் தீர்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து சித்தி கமலநாயகி வீடியோவில் கூப்பிட்டாள். "என்னக்கா, ஆளே மாறிப்போனியள்! என்ன சாப்பிடுறியள், எனக்கும் சொல்லுங்கோவன்!"

குணேஸ்வரி சிரித்தாள். அன்று புட்டை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் எழுந்தாள்.

"அம்மா, இருங்கோ."

"இந்தா வாறன்."

குளியலறையில் பைப்பை முழுதாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. போய்க் கதவைத் தட்ட அஜிதாவுக்குத் தெம்பில்லை. சாப்பிட்ட கோப்பைகளைக்கூட எடுக்காமல் இருந்தாள். குணேஸ்வரி கண் சிவந்து திரும்பி வந்தாள்.

"கோவமோ பிள்ளை?"

"இல்லையம்மா. களைப்பு."

"எனக்கும்தான்." குணேஸ்வரி கதிரையை இழுத்து இருந்தாள். "அந்தச் சிகிச்சைக்குப் போகேக்க அங்க கதைக்க நீ வரவேண்டாம். வேற ஆளை ஒழுங்கு செய்வினமோ எண்டு கேள். உனக்கு முன்னால எல்லாத்தையும் சொல்ல எனக்கு ஏலாது. நீயும் எத்தினையைத்தான் சுமப்பாய்?"

மறுநாள் அஜிதா வேலையிடத்திலிருந்தே உளச்சிகிச்சை நிலையத்துக்குப் போன் செய்தாள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடலாம், ஆனால் இன்னும் பிந்தும் என்றார்கள்.

அஜிதா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும், "பிந்தட்டும்" என்றாள் குணேஸ்வரி.

அன்று மாலை சாப்பிட்டதும் அஜிதா சோபாவில் சாய்ந்தாள். அம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிட்டது. திடுக்கிட்டு விழித்தபோது குணேஸ்வரி அவளுடைய கால்மாட்டில் இருந்தாள்.

"போனீங்களோ அம்மா?"

"இல்லை. அரை மணித்தியாலம் எப்பவோ முடிஞ்சுது. நீ படு."