வீட்டோடு வந்தவர்கள்

டிரைவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில். ஊரில் எல்லாரும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். நகரப் பேருந்து ஓட்டியே காலம் தள்ளியவர். ஒரே தடம், அதே நிறுத்தங்கள். போன இடத்துக்கே போய், வந்த இடத்துக்கே வந்து, கடைசி நாளில் யோசித்துப் பார்த்தால் மனிதர் எங்கேயும் போயிருக்கவில்லை. அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் அதுகூடப் போகவில்லை.

அதனால் வீட்டை விற்றார். ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, உள்ளே போனால் உடம்பைத் திருப்ப முடியாத ஒரு கழிவறை எல்லாம் வைத்துக் கட்டினார். பிறகு மகனையும் மகளையும் வரவழைத்து, வண்டியின் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "உங்க ரெண்டு பேர் தலையிலயும் வந்து உக்கார மாட்டோம். எங்க வீடு எங்களோடவே வரும். வந்தமா, பிள்ளைகளப் பாத்தமா, கெளம்பினமான்னு இருப்போம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். மகன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அந்தக் கைதட்டலில் பாதி நிம்மதிதான் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. ஏறுகிறவர், இறங்குகிறவர், படியில் தொங்குகிறவர் எல்லாரையும் கண்ணாடியிலேயே பார்த்து ஓட்டிய மனிதர், பெற்ற பிள்ளைகளின் முகத்தை மட்டும் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

ஆரம்பத்தில் என்னவோ சொர்க்கம்தான். அதை இல்லை என்று சொன்னால் பாவம். மலைப்பாதையில் ஏறினார்கள், கடற்கரைச் சாலையில் இறங்கினார்கள். மனைவி முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரில் வரும் லாரிகளின் பெயர்ப்பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள். கண்ணாடித் தம்ளர்களைப் பழைய துண்டில் சுற்றிவைத்தும் வளைவுக்கு வளைவு அவை கடகடக்கும். "உங்க பஸ்ஸுல பின்சீட்டுக்காரங்க பாடு இதுதானா?" என்று கேட்டுச் சிரிப்பாள். பிடித்த இடத்தில் நிறுத்துவார்கள். கதவைத் திறந்தால் ஏரி, இன்னொரு நாள் திறந்தால் காடு. இவ்வளவு நாளும் எங்கேடி ஒளிந்திருந்தது இதெல்லாம் என்று அவருக்கே அழுகை வந்தது.

பிறகு அவள் கால் வீங்க ஆரம்பித்தது.

முதலில் செருப்புப் போடும்போது இறுக்கியது, அவ்வளவுதான். அப்புறம் படியேறினால் மூச்சு வாங்கியது. வண்டியின் படி உயரம். அதற்காக அவர் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் காலை வைத்து ஏறச் சொன்னார். அதற்கும் ஒரு கை அவர் தோளில் வேண்டியிருந்தது. கட்டிலோ மேசையை மடக்கிப் போடுகிற கட்டில். நடுவில் ஒரு மூட்டு துருத்திக்கொண்டிருக்கும், அது சரியாக அவள் இடுப்பில் குத்தும். வழியில் பார்த்த ஒரு டாக்டர் அவள் காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. "இதயம் களைச்சிருக்கு. ஒரு இடத்துல வெச்சுப் பாத்துக்கணும். காலை உயரமா வெச்சுப் படுக்கணும். அலைச்சல் வேண்டாம்" என்றார். "சரிங்க டாக்டர்" என்று பெரிதாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்த டிரைவர், வண்டியைப் பார்த்தார்.

ஒரு இடம். அந்த ஒன்றுதான் அவர்களிடம் இல்லை. வீட்டு விலை வண்டியாகி, மிச்சம் டீசலாகிப் புகைந்து போயிருந்தது. ஓய்வூதியம் மருந்துக்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்தது. அவளுக்கு ஒரு அறை வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது தானாக வாய் திறந்து "இங்கயே இருங்க" என்று சொல்ல வேண்டும். கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு அன்று பேசிய பேச்சு குறுக்கே வந்து நின்றது.

முதலில் மகள் வீட்டுக்குப் போனார்கள். மகள் அடுக்குமாடியிலிருந்து கீழே ஓடி வந்தாள், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், டப்பா டப்பாவாகச் சாப்பாடு கொண்டுவந்து வண்டிக்குள்ளேயே பரப்பினாள். "இந்த ஃபேன் நல்லா காத்து வருதேப்பா! எங்க ரூமே இப்படி இல்ல" என்றாள். சொந்த வீட்டோடு வந்தவர்களை யார்தான் வீட்டுக்குள் கூப்பிடுவார்கள்? அவளுக்குத் தோன்றவே இல்லை. பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தால் தோன்றியிருக்கும். நல்ல பெண்தான். கிளம்பும்போது வண்டி மறையும்வரை கையசைத்தாள்.

அடுத்தது மகன். அவன் குடியிருப்பில் காவலாளி ஒரு சத்தமான ஆள். தண்ணீர்த் தொட்டிக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் ஓர் இடம் காட்டி, "ஓரமா, இன்னும் ஓரமா" என்று வண்டியைத் தட்டித் தட்டி நிறுத்த வைத்தான். மகன் கீழே வந்து சார்ஜ் போட நீள ஒயர் இழுத்துக் கொடுத்தான். பேரப்பிள்ளைகள் இரண்டும் மடக்குக் கட்டிலில் ஏறிக் குதித்தன. மருமகள் எட்டிப் பார்த்து, "அத்தை, உங்களுக்கென்ன, ராணி மாதிரி ஊர் சுத்துறீங்க. நாங்கதான் இந்தப் பொந்துக்குள்ள கெடக்கோம்" என்றாள்.

ராணி வீங்கிய காலைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலையில் கிளம்புவதாகப் பேச்சு. விடிந்ததும் டிரைவர் எழுந்து, பேனட்டைத் திறந்து, செய்யக் கூடாத ஒரு காரியத்தைச் செய்தார். அந்தக் கால டீசல் வண்டிகளில் பம்புக்கு ஒற்றை ஒயர் ஒன்று போகும். அதைக் கழற்றிவிட்டால் இன்ஜின் சுற்றும், கத்தும், உயிர் மட்டும் வராது. வெளியூரில் வண்டியை நிறுத்தித் தூங்கும்போதெல்லாம் திருட்டுப் பயத்துக்கு அவர் அதைக் கழற்றிவைப்பது வழக்கம். இப்போது தன் மகனின் வாசலில் கழற்றினார்.  வாழ்நாளில் ஒரு வண்டியை நோகடித்து அவருக்குப் பழக்கமில்லை.

எல்லாரும் வழியனுப்ப வந்து நின்றபோது சாவியைத் திருப்பினார். திருப்பினார், திருப்பினார். வண்டி இருமிக்கொண்டே கிடந்தது.

"வண்டி படுத்துருச்சுப்பா" என்றார். குரல் சரியாகத்தான் வந்தது.

மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சரிப்பா, சாயங்காலம் மெக்கானிக்க கூட்டிட்டு வரேன். இந்த வெயில்ல உள்ள உக்காராதீங்க. அம்மா, மேல வா" என்றான்.

மேல வா. அந்த இரண்டு சொல்லுக்காக ஒரு வண்டியையே கொன்றிருக்கலாம் என்று டிரைவருக்குத் தோன்றியது.

லிஃப்ட்டில் ஏறி மேலே போனார்கள். மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். கம்ப்யூட்டரையும் காகிதங்களையும் அள்ளிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "அத்தை, இங்க படுத்துக்கோங்க" என்று அந்தச் சின்ன அறையை விட்டுக் கொடுத்தாள். முகம் சுளிக்கவில்லை. மனைவி படுத்தாள். டிரைவர் இரண்டு தலையணையை அடுக்கி அவள் காலைத் தூக்கி வைத்தார். மூட்டுத் துருத்தாத, ஆடாத, நேரான கட்டில். படுத்தவுடன் அவள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை போல. அவர் கதவருகே நின்று அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இரண்டாகும், இரண்டு வாரமாகும், பழகிவிட்டால் யாரும் போ என்று சொல்ல மாட்டார்கள் என்று மனக்கோட்டை கட்டினார். பஸ்ஸில் இடம் பிடிக்கிற ஆட்களை எத்தனை பார்த்திருக்கிறார். துண்டைப் போட்டுவிட்டால் இடம் அவர்களுடையது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மெக்கானிக் வரவில்லை. மழைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேரப்பிள்ளைகள் பாட்டியின் இரண்டு பக்கமும் இடம் பிடித்துச் சண்டை போட்டன. படுக்கப் போகும் முன் அவள், "என் பிரஷ்ஷ வண்டியிலேருந்து எடுத்துட்டு வாங்க" என்றாள். மழையில் நனைந்தபடி ஓடிப்போய் எடுத்து வந்தார். கல்யாணமான புதிதில்கூட அவள் சொல்லி அவர் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மகன், "மெக்கானிக் இன்னைக்கும் சந்தேகம்தான்ப்பா. நானே ஒருதடவ பாத்துடறேன்" என்று கீழே இறங்கினான். டிரைவர் பின்னாலேயே போனார். மகன் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன், இன்ஜினைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று தைரியமாகத்தான் போனார்.

மகன் பேனட்டைத் தூக்கினான். குனியவில்லை. விளக்கடித்துத் தேடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை நேராக உள்ளே விட்டான். டக் என்று ஒரு சின்னச் சத்தம். கையை எடுத்து, விரலைத் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் டிரைவருக்கு நினைவு வந்தது. இவன் சின்னவனாக இருந்தபோது நண்பர் ஒருவரின் பழைய டீசல் வண்டி கொஞ்ச நாள் வீட்டு வாசலில் நின்றது. அதன் முன்னால் இவனைத் தூக்கிப் பிடித்து, விரலைப் பிடித்து இதே ஒயரில் வைத்து, "இத கழட்டிட்டா எந்தத் திருடன் தலைகீழா நின்னாலும் வண்டி நகராதுடா. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத. இது அப்பாவுக்கும் பையனுக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்" என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான். அவர் மறந்துவிட்டார். பையன் மறக்கவில்லை.

"எலி இழுத்திருக்கும்ப்பா" என்றான் மகன். அவரைப் பார்க்காமல் சொன்னான்.

"எலியா?"

"இங்க எலி ஜாஸ்தி."

"ஆமா... இருக்கும்."

 டிரைவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பிடிபட்ட திருடனுக்குக்கூட இரண்டு அடி வாங்கிக்கொண்டு அழுகிற வசதி உண்டு.

மகன் மெதுவாகச் சொன்னான்: "வீடு சின்னதுப்பா. அவளும் வேலைய வெச்சுக்கிட்டு... பசங்க ரூமுக்கே இடமில்லாம..."

"நான் ஒண்ணும் கேக்கலியேடா."

"தெரியும்ப்பா. நீங்க கேக்க மாட்டீங்க."

அந்தக் குரலில் இருந்தது நன்றி. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். அம்மாவின் காலைப் பாருடா என்று கத்தியிருப்பார். இப்படி நன்றியோடு நிற்கிறவனிடம் என்னவென்று கேட்பது? பேனட்டை அவரே இறக்கினார். சாவியைத் தொட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த இன்ஜின், பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்.

மேலே போய் அவளை எழுப்பினார். அவள் எழுந்து உட்கார்ந்து, அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"வண்டி சரியாயிடுச்சா?"

"ம்."

"யாரு பண்ணது?"

"உம் பையன்தான்."

"கெட்டிக்காரன்" என்றாள்.  போர்வையை மடித்தாள், தலையணைகளைத் தட்டி வைத்தாள், முகம் கழுவப் போனாள். மருமகள் வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். பேரப்பிள்ளைகள், "தாத்தா, அடுத்து எங்க போறீங்க?" என்று குதித்தன. எப்போதும் வரைபடத்தை விரித்துக் காட்டுகிறவர், அன்றைக்கு, "போனப்புறம் சொல்றேன்" என்றார். கீழே வந்து பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அவள் அவர் தோளைப் பிடித்து ஏறினாள். ஏறி உட்கார்ந்து மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது. மகன் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான், போகலாம் என்பதுபோல.

ஊரைத் தாண்டினார்கள். எதிரில் லாரிகள் வந்தன. அவள் பெயர்ப்பலகை எதையும் படிக்கவில்லை. பெரிய சாலை ஏறும் இடத்தில்தான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது.

"உன் பிரஷ் எடுத்தியா?"

"இல்ல."

"மறந்துட்டியா? அடுத்த திருப்பத்துல திருப்பட்டுமா? அஞ்சு நிமிஷம்தான்."

"மறக்கலைங்க" என்றாள். காலைச் சீட்டின் மேல் தூக்கிவைக்கப் பார்த்து, முடியாமல் கீழேயே விட்டாள். "பாத்ரூம்ல ஒரு டம்ளர்ல அவங்க நாலு பேரோடதையும் வெச்சிருக்காங்க. என்னோடதும் அதுலயே இருக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன்."