இரண்டு முறை அச்சான கடிதங்கள்

நான்கு மாடி, முப்பத்தெட்டு பிரிண்டர். ஒரு பிரிவில் மை தீர்ந்து ஆள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, அடுத்த அறையில் ஒன்று சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். குடிநீர் வாரிய அலுவலகத்தின் கணினிகளைக் கவனித்துக்கொண்ட அவள், எல்லாவற்றையும் ஒரே சர்வரில் இணைக்க வேண்டும் என்று எட்டு மாதம் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் மேலாளர் இறங்கிவந்தார்.

"திங்கட்கிழமை ஆரம்பிங்க. புதன் மதியத்துக்குள்ள எல்லாம் ஓடணும். இல்லேன்னா பழையபடியே இருக்கட்டும்."

"சர்வர் வைக்கப் போறீங்களாமே, ரெண்டு காபி சொல்லுங்க" என்று வரைபடப் பிரிவில் கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே கேபிளை மாட்டினாள். எதிர்ப்பு வந்தது ஓரிடத்தில் மட்டும்தான்: முதல் மாடி, கடிதப் பிரிவு. அதன் தலைவி அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பஸ்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. என் மெஷின்ல மட்டும் கை வைக்காதே" என்றாள் நாத்தனார்.

அகலத் தாளில் அடிக்கும் அந்தக் கிழட்டு மெஷின் மேசையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. பதவிக்கு ஒரு கௌரவம் என்று வைத்திருக்கிறாள் போல என்று நினைத்த அவள், "மேலாளர் உத்தரவு அண்ணி, நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லி அதையும் சர்வரில் சேர்த்தாள். அன்று மாலை பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

செவ்வாய் காலை பதினொரு மணிக்கு நான்கு மாடியிலும் அச்சு நின்றது. சர்வரை அணைத்துப் போட்டாள். பத்து நிமிஷம் ஓடி மறுபடி படுத்துவிட்டது. சர்வர் அறை என்பது பழைய பொருள் போடும் அறையைக் காலி செய்த இடம், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடம் இல்லை. அதன் வாசலில் இப்போது ஏழெட்டுப் பேர். மேலாளரும் வந்தார்.

"கழட்டிடலாமாம்மா?"

"ரெண்டு மணி நேரம் குடுங்க சார். அப்பவும் ஓடலேன்னா நானே கழட்டிடறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு, சர்வர் தானே எழுதிவைத்திருந்த பதிவுகளை வரிவரியாகப் படித்தாள். மூன்றாம் முறை படுத்த பிறகுதான் பிடி கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அது விழுவதற்கு முந்தைய நொடியில் முதல் மாடிக் கிழட்டு மெஷினுக்கு ஒரு கடிதம் போயிருந்தது. அந்த மெஷினை இயக்கும் மென்பொருள் பதினைந்து வருஷப் பழசு. சில கடிதங்களில் அது தடுக்கி விழும்போது கூட இருக்கிற அத்தனையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. அந்த ஒன்றை மட்டும் நீக்கினாள். மற்ற முப்பத்தேழும் மடமடவென்று அடிக்கத் தொடங்கின.

அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் திரையில் இருந்த பட்டியல் அவளை உட்காரவைத்தது. கடிதப் பிரிவுத் தலைவியின் கடிதங்கள் ஒவ்வொன்றும் இரண்டு முறை போயிருந்தன. முதலில் கிழட்டு மெஷினில், அகலத் தாளில், இரண்டு மடங்கு பெரிய எழுத்தில். கொஞ்ச நேரம் கழித்து, திருத்தங்களோடு, சாதாரணத் தாளில். பதினொரு கடிதம், பதினொன்றும் அப்படியே. வீட்டில் போனில் வரும் செய்தியைக்கூட நாத்தனார் கொஞ்ச நாளாகத் தன் மகளைத்தான் படிக்கச் சொல்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் மாடிக்குப் போய், எதிர் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா அண்ணி கண்ணு தெரியல?"

நாத்தனார் கையிலிருந்த கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "ஒரு வருஷமா. பனி மூடினாப்ல இருக்கு" என்றாள். "இங்க தெரிஞ்சா பிரிவை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. வீட்ல தெரிஞ்சா உன் வீட்டுக்காரன் நாளைக்கே வேலைய விடச் சொல்லுவான். யார்கிட்ட சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்டயா? நீதான என் மெஷினைப் பிடுங்க வந்தே?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பேச்சைத் திசை திருப்பவில்லை. "மெஷின் போகத்தான் போகுது. பெரிய எழுத்து போகாது. பக்கத்துல இருக்கிற புது மெஷின்லயும் அகலத் தாள் போடலாம். சர்வர்ல அதுக்குத் தனி வரிசை வைக்கிறேன். அதுல அனுப்பினா தானா பெருசாக்கி அடிச்சுடும். ஆனா வியாழக்கிழமை ரெண்டு பேரும் லீவு. கண் ஆஸ்பத்திரி."

"முடியாது."

"அப்ப வீட்ல சொல்லிடுவேன்."

"என்ன, மிரட்டுறியா?"

"ஆமா அண்ணி."

நாத்தனார் அவளை முறைத்துப் பார்த்தாள். அவளும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் நாத்தனாரே குனிந்து, மெஷினின் மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவி மேசைமேல் வைத்தாள்.

புதன் மதியம் மேலாளர் நான்கு மாடியும் ஏறி இறங்கி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் யாரும் பாராட்டு வாங்கியதில்லை.

வியாழக்கிழமை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, கண்புரை என்றார். இரண்டு கண்ணிலும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இதற்காகவா ஒரு வருஷம் பயந்து செத்தோம் என்று நாத்தனார் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே தம்பியிடம் தானாகவே சொன்னாள். அவன் வேலையை விடச் சொல்ல வாயெடுப்பதற்குள், "விடுன்னு மட்டும் சொன்னே, ஜென்மத்துக்கும் உன்னோட பேச மாட்டேன்" என்று அடக்கிவிட்டாள்.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, ஒன்றரை மாத விடுப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய அன்று, நாத்தனார் முதல்முறையாகச் சர்வர் அறைக்கு ஏறி வந்தாள். கையில் ஒரு கடிதம்.

"வாரியத்தோட பேரு இடதுபக்கம் ஒதுங்கி விழுது. இத்தனை நாளா ஒருத்தரும் பாக்கலையா?"

அவள் ஸ்கேல் வைத்து அளந்தாள். இரண்டு மில்லிமீட்டர்.

"உக்காருங்க அண்ணி, இப்பவே சரி பண்ணிடலாம்" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.