ஒன்பதாம் பாடம்

லெத்திசியா டீச்சர் வழக்கம்போல் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு பிஸ்கட் ஆலைக்கு வந்தபோது, முதலாளி ஓடிப்போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ரொசாரியோ நகரம் முழுக்கச் செய்தி தெரியும். ஆனால் மேனேஜர்களுக்கு அவள் எடுக்கும் ஆங்கில வகுப்பு ரத்து என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரும் முதலாளியோடு போய்விட்டார்.

வாசலில் காவலுக்கு நின்றவன் அடுப்புப் பிரிவு ரூபேன். எல்லோரும் அவனை ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஒல்லியாக இருந்தது கல்யாணத்துக்கு முன்பு.

"மேனேஜருங்க யாரும் இல்லையே டீச்சர். பூட்டிட்டுப் போயிட்டாங்க. நாங்க பூட்ட உடைச்சு உள்ள உக்காந்திருக்கோம்."

"அப்ப உங்களுக்கு நடத்தறேன். எப்படியும் என் பஸ் ஆறு மணிக்குத்தான்."

அது அத்தனை சுலபமாக முடியவில்லை. தொழிலாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஆலையைத் தாங்களே நடத்துவதென்று இறங்கியிருந்தார்கள். எதற்கும் பேரவை கூட வேண்டும், கை தூக்க வேண்டும். கழிவறைச் சாவி யாரிடம் இருப்பது என்பதற்கே ஒரு மதியம் முழுக்கப் போயிருந்தது. பேரவை கூடியது. ஆங்கிலம் வேண்டும் என்று முடிவானது.

காரணம் இருந்தது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை டிரினிடாடிலிருந்து மிஸ்டர் பாப்டிஸ்ட் என்கிற மொத்த வியாபாரி போன் செய்து உப்பு பிஸ்கட்டுக்கு ஆர்டர் கொடுப்பார். அவரிடம் பேசிக்கொண்டிருந்தவர் ஏற்றுமதி மேனேஜர் சல்வதியேரா. இப்போது சல்வதியேராவும் இல்லை. மாதக் கடைசிக்குள் ஒரு ஆர்டராவது காட்டினால் ஆலையில் இருக்கலாம், இல்லாவிட்டால் போலீஸ் வந்து வெளியேற்றும் என்று நீதிபதி சொல்லியிருந்தார். அந்த போன் நாளை மறுநாள் வரும்.

யார் பேசுவது என்பது முன்பே முடிவாகியிருந்தது. பேக்கிங் பிரிவு நில்டா. அந்தப் பேரவை நடந்தபோது அவள் பல் பிடுங்கப் போயிருந்தாள்.

"நீங்களே பேசிடுங்களேன் டீச்சர்," என்றாள் நில்டா.

"உறுப்பினர் இல்லாதவங்க ஆலை சார்பா பேசக் கூடாதுன்னு நேத்துதான கை தூக்கினோம்," என்றான் ஒல்லி. "நீயுந்தான் தூக்கின. நான் பாத்தேன்."

டீச்சர் பையில் இருந்தது ஒன்பதாம் பாடத்தின் ஜெராக்ஸ்: 'நெருக்கடியில் நிறுவனங்கள்'. மேனேஜர்கள் அதுவரைதான் வந்திருந்தார்கள். அவள் பலகையில் சொற்களை எழுதினாள். பேங்க்ரப்ட். கிரெடிட்டர். லே ஆஃப். எதற்கும் அவள் உதாரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லே ஆஃப் என்றதும் மூன்று பேர் தங்கள் மச்சான் பெயரைச் சொன்னார்கள். அப்ஸ்கான்ட் என்றால் தலைமறைவாவது என்று சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து "சல்வதியேரா" என்று குரல் வந்தது.

"நல்லதா ஏதாவது சொல்லிக் குடுங்க," என்றாள் நில்டா. "பிஸ்கட் நல்லா இருக்கும், நாள் தவறாம அனுப்புவோம், இந்த மாதிரி."

"அது பத்தாம் பாடம்," என்றாள் டீச்சர். இருந்தாலும் அதையும் எழுதிப்போட்டாள். மொறுமொறுப்புக்கான சொல் நில்டாவின் நாக்கில் பஸ் நிறுத்தம் வரை இருந்தது. திவாலுக்கான சொல் போகவே இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவை கைமாறிக்கொண்டிருந்தது.

"மிஸ்டர் சல்வதியேரா எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டது குரல்.

"அவர் தலைமறைவாகிவிட்டார்," என்றாள் நில்டா. "கம்பெனி திவாலாகிவிட்டது. கடன் கொடுத்தவர்கள் கோபமாக இருக்கிறார்கள். பெரும் ஆட்குறைப்பு நடந்தது." ஒரு பிழையும் இல்லை. சுற்றி நின்றவர்கள் பெருமையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.



"அப்படியானால் பிஸ்கட் செய்வது யார்?" என்றார் பாப்டிஸ்ட்.

"நாங்கள்."

பாப்டிஸ்ட் யோசித்தார். தன் ஊர்க் கடைகளில் பெரிய பெட்டி விற்பதில்லை, பாதி அளவுப் பெட்டி வேண்டும், பிஸ்கட்டும் சிறிதாக வேண்டும் என்றார். முடியுமா, முடியாதா? இப்போதே தெரிய வேண்டும்.

முடியும் என்பதற்கு ஆங்கிலச் சொல் நில்டாவுக்குத் தெரியும். அது ஒரே அசைதான். முப்பது வருஷமாக அதை மேல்மாடியில் மேனேஜர் யாராவது சொல்வார். மறுநாள் காலை அவள் கை வேகமாக ஓட வேண்டியிருக்கும்.

"ஒரு நிமிடம்," என்றாள். ரிசீவரைக் கையால் பொத்தினாள். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் அதனால் பயன் இல்லை. "சின்னப் பெட்டி, சின்ன பிஸ்கட் கேக்கறாரு. பேரவை."

"இப்பவா? சரின்னு சொல்லித் தொலையேன்மா," என்றது ஒரு குரல்.

"நான் சரின்னா ராத்திரி மெஷின நீ ஓட்டுவியா?"

ஒல்லி பேச அனுமதி கேட்டான். வெட்டும் மெஷினின் கத்தி தேய்ந்துவிட்டது, சின்னதாக வெட்டினால் உடையும் என்றான். இன்னொருத்தி, கத்தியைச் சாணை பிடிக்கச் சொல்லி அவனிடம் ஈஸ்டரிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஒல்லி பதில் சொல்ல மறுபடி அனுமதி கேட்டான். ஒரு வரிசை போட்டு எல்லோரும் பேசினார்கள். நில்டா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைகள் உயர்ந்தன. எண்ணினார்கள்.

"மிஸ்டர் பாப்டிஸ்ட்? முடியும். நான்கு பேர் எதிர்ப்பு."



"அவர்களுக்கு என்ன பிரச்சினை?"

நில்டா தனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் புரட்டிப் பார்த்தாள்.

"கத்தி," என்றாள். "கத்தி திவாலாகிவிட்டது."

"சல்வதியேரா எல்லாவற்றுக்கும் உடனே முடியும் என்பார்," என்றது குரல். "போன தடவை பாதி நொறுங்கி வந்தது. கத்தியைச் சரிசெய்யுங்கள். ஆர்டரை இன்று அனுப்புகிறேன்."

ஆர்டர் மாலையில் வந்தது. நீதிபதி அதைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் இருந்துகொள்ளலாம் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டீச்சர் புது ஜெராக்ஸோடு வந்தாள். பத்தாம் பாடம்: 'வளரும் நிறுவனங்கள்'.

ஒல்லி பேச அனுமதி கேட்டான்.

"டீச்சர், கத்தி இன்னும் சாணைக் கடையிலதான் இருக்கு. அடுப்பும் பத்த வைக்கல. அதுக்குள்ள வளந்துட்டோம்னு படிக்கறது நல்லா இல்ல. இன்னொரு வாரம் ஒன்பதுலயே இருப்போம்."

வாக்கெடுப்பு நடந்தது. நில்டா மட்டும் எதிர்த்துக் கை தூக்கினாள். பிறகு, மற்றவர்களோடு சேர்ந்து ஒன்பதாம் பாடத்தைத் திறந்தாள்.