ஏழு வருஷத்துக் கோளாறு

ஐ.டி. கம்பெனிகள் மொய்க்கும் நானக்ராம்குடாவில் அந்தக் கம்பெனிக்குப் பதினேழு மாடி. ஊரில் உள்ள அத்தனை பேருடைய நேரத்தையும் மிச்சப்படுத்தித் தருவதுதான் அதன் தொழில். உள்ளே நுழைய மட்டும் நாற்பது நிமிஷம் ஆகும். அடையாள அட்டை, முகப் படம், லேப்டாப் பையைப் பிரித்துக் காட்டுவது, அப்புறம் லிஃப்டுக்கு வரிசை. ஜகித்தியால் என்ற வெளியூரிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவி பிரவல்லிகா இதை முதல் நாளே கவனித்தாள். கவனித்ததை எல்லாம் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் அவளுக்கு நாளாயிற்று.

பயிற்சி முடிவில் நிரந்தர வேலைக்கான கடிதம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவள் கல்லூரியிலிருந்து இப்படிப்பட்ட வாசலை இதற்கு முன் யாரும் மிதித்ததில்லை. முதல்வர் அவசரப்பட்டுக் கல்லூரி வாசலில் பத்தடி ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார். அதில் அவர் முகம் பெரிதாகவும் அவள் முகம் ஓரமாகவும் இருந்தன. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அம்மாவோ, தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். கடிதம் இல்லாமல் பிரவல்லிகா ஊர் திரும்ப முடியாது.

அவளைப் போட்ட இடம் அறைப் பதிவுக் குழு. பதினேழு மாடியிலும் சேர்த்து முந்நூறு மீட்டிங் அறைகள். அவற்றைப் பிடித்துவைக்க ஒரு மென்பொருள். தினமும் பதினோரு மணி வாக்கில் அது மயங்கி விழும். ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற அறையைக்கூட 'நிரம்பிவிட்டது' என்று காட்டும். ஊழியர்கள் புகார் அனுப்புவார்கள். ஒரு புகாருக்கு ஒரு டிக்கெட். குழுவில் யாராவது ஒருவர் மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓடவிடுவார், அது எழுந்து உட்காரும், டிக்கெட் முடிந்தது. மாதத்துக்குத் தொள்ளாயிரம் டிக்கெட். முடித்த எண்ணிக்கையைச் சுவரில் ஒரு பெரிய திரை காட்டிக்கொண்டே இருக்கும். பதினோரு பேர் கொண்ட அந்தக் குழு மூன்று வருஷம் தொடர்ந்து 'சேவைச் செம்மல்' விருது வாங்கியிருந்தது. மயங்கி விழுந்தவன் முகத்தில் தண்ணீர் தெளிப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மேனேஜர் கோவர்தன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இங்க சார், மேடம் எல்லாம் கிடையாதும்மா. பேர் சொல்லியே கூப்பிடு."

"சரிங்க சார்."

"பாத்தியா!"

மூன்றாம் நாள் அவர் கோவர்தன் அண்ணா ஆகிவிட்டார். அந்த ஊரில் அதற்கு மேல் சமத்துவம் வராது.

"சுவர்ல இருக்கே கிராஃப், ரொம்ப சோகையா இருக்கு" என்றார் அவர். "கலர் மாத்தி, பாத்தவுடனே ஏறுமுகமாத் தெரியற மாதிரி பண்ணிடு. ஆறு மாசம் இருக்கு, அவசரமில்ல."

பிரவல்லிகா ஒன்பது நாளில் முடித்தாள். அதற்குப் பிறகு செய்ய வேலை இல்லை. வேலை இல்லாத நேரத்தில் மற்றவர்களைப் போல மொட்டைமாடியில் காற்று வாங்கியிருக்கலாம். அவள் போய் அந்த மென்பொருளின் நிரலைப் படித்தாள். அந்தக் குழுவில் அப்படி ஒரு கெட்ட பழக்கம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆறாம் மாதம் விஷயம் பிடிபட்டது. ஒருவர் அறையைப் பதிவு செய்து பிறகு ரத்து செய்தால், ரத்தானது பட்டியலிலிருந்து அழியவில்லை. அழியாதவை சேர்ந்து சேர்ந்து, பதினோரு மணிக்குப் பட்டியல் நிரம்பி வழிந்தது. ஏழு வருஷத்துக்கு முன் மென்பொருளை எழுதியவர், அழிக்கச் சொல்லும் ஒரு வரியைச் சேர்க்க மறந்திருந்தார். பிரவல்லிகா அந்த ஒரு வரியை எழுதினாள்.

நிரலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் குழுவில் இரண்டு பேர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அது கம்பெனிக்கு வேதம். முதல் ஒப்புதல் தந்தவள் அவளுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த நிகத் சுல்தானா. உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி ஒரு விரலால் தட்டினாள். இரண்டாவது ஆள் லிஃப்ட் வரிசையில் நின்றபடி போனிலேயே 'பார்த்தேன், பிரமாதம்' என்று போட்டார். வியாழக்கிழமை அந்த வரி ஓட ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. பதினொன்றரை. பன்னிரண்டு. திரையில் பூஜ்யம். குழு டீ குடித்தது, அப்புறம் இன்னொரு டீ குடித்தது. திங்கட்கிழமையும் பூஜ்யம். கோவர்தன் பேயறைந்த மாதிரி வந்து நின்றார்.

"ஏம்மா, கலர் மாத்தச் சொன்னா கிராஃபையே கொன்னுட்டியே?"

"கிராஃப் சரியாத்தான் இருக்கு அண்ணா. டிக்கெட்தான் வரல."

"ஏன் வரல?"

"கோளாறு சரியாயிடுச்சு."

"யாரு சரி பண்ணது?"

வகுப்பில் தூக்குவது போலப் பிரவல்லிகா கையைத் தூக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. பாவம், யாராவது பாராட்டுவார்கள் என்று நினைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. 'உங்கள் குழுவின் உழைப்பு நூறு சதவீதம் குறைந்திருக்கிறது. பதினோரு பேரும் நலமா? இதே நிலை நீடித்தால் இப்படி ஒரு குழு தேவையா என்று யோசிக்கலாம்.' கோவர்தன் உடனே ஒரு அறையைப் பிடித்துப் பிரவல்லிகாவைக் கூப்பிட்டார். கேட்ட நொடியே அறை கிடைத்தது என்பதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

"உன் லெட்டருக்கு ஃபார்ம் என் கையிலதான் இருக்கு" என்றார். குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "'இவங்க வந்து என்ன மாறுச்சு'ன்னு அதுல ஒரு கேள்வி. நான் என்னன்னு எழுதட்டும்? பதினோரு பேர் வேலைய ஒத்த வரியில முடிச்சாங்கன்னா?"

"நல்லதுதானே அண்ணா செஞ்சேன்?"

"நல்லதுதான். யார் இல்லன்னது? அந்த வரிய மட்டும் எடுத்துடு."

"நீங்களே எடுத்துடலாமே?"

"நீ போட்டது. நீ எடுத்தாத்தாம்மா மரியாதை."

யார் மரியாதை என்று அவள் கேட்கவில்லை. கோவர்தன் கெட்டவர் இல்லை. மகள் பிறந்தநாளுக்குக் குழுவுக்கே பிரியாணி போட்டவர். அதனால்தான் அவளுக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை.

டீ இயந்திரத்தின் பக்கத்தில் நிகத் நின்றுகொண்டிருந்தாள். பிரவல்லிகாவுக்கு அவள் 'ஆபா', அதாவது அக்கா.

"என்ன ஜகித்தியால், மூஞ்சி தொங்குது?"

பிரவல்லிகா சொன்னாள்.

"அந்த வரி இல்லன்னு எனக்கு நாலு வருஷமாத் தெரியும்" என்றாள் நிகத்.

"தெரிஞ்சுமா ஆபா சும்மா இருந்தீங்க?"

"அண்ணாகிட்ட போனேன். பதினோரு பேர் சோறு அதுல இருக்கு, தொடாதேன்னாரு. நானும் அதுல ஒரு ஆள்தானே."

"அப்புறம் எதுக்கு எனக்கு ஒப்புதல் தட்டினீங்க?"

நிகத் கோப்பையைப் பார்த்தாள். "ஒரு நாளாச்சும் அது விழாம ஓடறதப் பாக்கணும்னு ஆசை. ரெண்டு நாள் பாத்தாச்சு. போ, எடுத்துடு. உனக்கு ஊர்ல ஃபிளெக்ஸ் வேற கட்டியிருக்காங்க."

பிரவல்லிகா எடுத்தாள். இந்த முறை இரண்டு ஒப்புதலும் அரை நிமிஷத்தில் வந்தன. புதன்கிழமை பதினோரு மணி ஏழு நிமிஷத்துக்கு முதல் புகார் வந்தது. யாரோ கைதட்டினார்கள். கோவர்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிரவல்லிகாவுக்கு மட்டும் நாக்கில் கசந்தது. படித்த படிப்பை நடுரோட்டில் போட்டு மிதித்த மாதிரி அவமானமாக இருந்தது.

அடுத்த வாரம் தேர்வுக் குழுவின் நேர்காணல். திரையில் மூன்று முகங்கள், மூன்றும் அவளை அதுவரை பார்த்தே இராதவை. பக்கத்து நாற்காலியில் கோவர்தன்.

நடுவில் இருந்த பெண்மணி கேட்டாள். "பதிவேடு பாத்தோம். ரத்தானத அழிக்கற வரிய நீக்கினது நீங்கன்னு இருக்கு. தினமும் விழுதே, அது இதனாலதானா?"

ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று பதிவேட்டின் உச்சியில் இருக்கும். அவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். வரியை முதலில் சேர்த்ததும் அவள்தான் என்று தெரிய ஒரு பக்கம் கீழே இறங்க வேண்டும். அந்தக் கம்பெனியில் அவ்வளவு கீழே யாரும் இறங்குவதில்லை.

பிரவல்லிகா கோவர்தனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் அடையாள அட்டையில் இருந்த தன் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் பதினோரு பேர் போவார்கள், நிகத்தும் போவாள், கடிதமும் போகும்.

"ஆமாங்க. நான்தான் நீக்கினேன்."

மூன்று முகங்களும் கலந்து பேசின. பிறகு மூன்றும் மலர்ந்தன.

"ஏழு வருஷமா இந்தக் கோளாறுக்கு ஒரு சொந்தக்காரர் இல்ல" என்றாள் அந்தப் பெண்மணி. "கேட்டா ஆளாளுக்குக் கையக் காட்டுவாங்க. முதல் தடவையா ஒருத்தர் நெஞ்ச நிமிர்த்தி, என்னோடதுதான்னு சொல்றாங்க. இந்தப் பொறுப்புணர்ச்சியத்தான் நாங்க தேடறோம்."

ஏழு வருஷத்துக் கோளாறை ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவள் எப்படிச் செய்திருக்க முடியும் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூவரும் நல்ல கல்லூரிகளில் கணிதம் படித்தவர்கள்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்குக் கடிதம் வந்தது. கூடவே முதல் வருஷ இலக்கு: மாதப் புகார்களைப் பாதியாகக் குறைப்பது.

"பாதி" என்று கோவர்தன் விரலை வைத்துக் காட்டினார். "மறந்து கிறந்து முழுசாக் குறைச்சுடாத. அடுத்த வருஷத்துக்கு ஏதாச்சும் வேணுமில்ல?"

பிரவல்லிகா மாடிப்படிப் பக்கம் போய் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா முதலில் அழுதாள், அப்புறம் அங்கன்வாடிப் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னாள், அதற்கப்புறம்தான் கேட்டாள்.

"என்ன வேலைடி பிள்ள?"

"ஒரு கோளாறு இருக்கும்மா. அதப் பாத்துக்கணும்."

"எந்தப் புண்ணியவான் பண்ணிவெச்சது?"

"நான்தாம்மா. என் பேர்லதான் இருக்கு."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீயே கெடுத்துட்டு, அதுக்கு நீயே காவலா? நல்ல கம்பெனிடி!"

பிரவல்லிகாவும் சிரிக்கப் பார்த்தாள். ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்த அழுகைதான் வந்தது. அம்மா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு தானும் கூட அழுதாள். கையிலிருந்த போன் அதிர்ந்தபடி இருந்தது. மணி பதினொன்று அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவள் பெயருக்கு நாற்பத்து மூன்று டிக்கெட் வந்திருந்தன.