பாஸ்போர்ட் சித்தப்பாவிடம் இருக்கிறது

ஊரில் இருந்தபோது டெய்லர் எத்தனையோ பேருக்கு ரகசியப் பை தைத்துக் கொடுத்திருக்கிறான். வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்புகிறவர்கள் நாலு நாள் முன்னால் கடைக்கு வருவார்கள். யாராவது கேட்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பேன்ட்டுக்குள் ஒரு பை, உள்பாவாடையில் ஒரு பை என்று காதோடு காதாகச் சொல்வார்கள். அவனும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அளவெடுப்பான். அந்தப் பைகளை நம்பி ஒருநாள் உன் பிழைப்பு ஓடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்திருப்பான்.

இப்போது அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே கல் பாவிய ஒரு பெரிய சதுக்கம். காலை ஒன்பது மணிக்கெல்லாம் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களைக் கொட்டும். கூட்டத்தில் தமிழ் காதில் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டே நடப்பதுதான் டெய்லரின் வேலை. விழுந்ததும் பக்கத்தில் போய், "அம்மா, தமிழா?" என்று ஆரம்பிக்க வேண்டும். பர்ஸைப் பறிகொடுத்துவிட்டேன், அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் மனைவி படுத்திருக்கிறாள், ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் உதவுங்கள் என்று முடிக்க வேண்டும். வசனம் முழுக்க சித்தப்பா எழுதியது.

சித்தப்பா யாருக்கும் சித்தப்பா இல்லை. பெரிய ஹோட்டல் ஒன்றுக்குத் திரைச்சீலை தைக்க ஆள் வேண்டும் என்று ஆறு பேரை அழைத்து வந்தவர். விமான நிலையத்து வாசலிலேயே, "தொலைச்சிடுவீங்கப்பா, குடுங்க" என்று ஆறு பாஸ்போர்ட்டையும் வாங்கி, தன் வீட்டு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். அப்புறம் ஹோட்டலும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை, ஆறு பாய், கீழேயிருந்து நாள் முழுக்க ஏறிவரும் சோப்பு நாற்றம், இவ்வளவுதான் மிச்சம். பாஸ்போர்ட்டைக் கேட்டால், "சீசன் முடியட்டும்பா" என்பார். அந்த ஊரில் சீசன் முடிந்து யாரும் பார்த்ததில்லை.

ஆறு பேரில் ஒருவன் சமையல்காரன். பொறுமை போய் ஒருநாள் ஓடினான். கையில் ஒரு காகிதம்கூட இல்லாதவனை அந்த ஊர்ப் போலீஸ் பிடித்து உள்ளே போட்டது. நாலு மாதமாகத் தகவல் இல்லை. மற்ற ஐந்து பேரும் அதற்குப் பிறகு ஓட நினைக்கவில்லை. எம்பஸிக்குப் போன் போட்டு நிலைமையைச் சொன்னால் பாஸ்போர்ட் இல்லாதவனுக்கும் ஊர் திரும்ப ஒரு கடிதம் தருவார்கள் என்று டெய்லர் கேள்விப்பட்டிருந்தான். ஆனால் போன்களும் அதே பீரோவில்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் சித்தப்பாவின் போனில், ஸ்பீக்கரில், சித்தப்பா எதிரிலேயே மனைவியிடம் பேசலாம். ஹோட்டல் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள். நன்றாக இருக்கிறது என்பான். அவளும் சந்தோஷமாக வைத்துவிடுவாள். அந்தச் சந்தோஷம்தான் அவனைப் போட்டு வதைத்தது.

ஆக, அவனுக்கு வேண்டியது வேறொருவரின் போனும் இரண்டு நிமிஷமும். அவ்வளவு சின்ன விஷயம். ஆனால் சதுக்கத்து பெஞ்சில் கழுத்தில் ஏதோ அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சித்தப்பா காலை முதல் மாலை வரை பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பேப்பரைத் திருப்புகிறாரோ இல்லையோ, கண் மட்டும் இவன் மேலேயே இருக்கும்.

அவர் பாடமும் நடத்துவார். பையை வயிற்றுப் பக்கம் திருப்பி அணைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் போகாதே, கைடு எச்சரித்துவிட்டான் என்று அர்த்தம். நிற்காமல் கையை ஆட்டிவிட்டுப் போகிறவர்கள் பின்னால் ஓடாதே. எல்லாரையும்விட ஆபத்தானவர்கள், காசு தர மாட்டேன், வா, நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறவர்கள். அவர்களைப் பார்த்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவிவிட வேண்டும்.

அன்றைக்கு வந்தவர்கள் அக்காவும் தங்கையும். அக்காவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். இருவரும் மணிக்கூண்டைப் பார்த்தபடி, நேரம் சரியா தப்பா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டெய்லர் வழக்கம்போல வசனத்தை ஆரம்பித்தான். அக்கா கடைசி வரை கேட்டாள். பிறகு சொன்னாள்:

"பேச வர்றவங்க மூஞ்சியப் பாப்பாங்க தம்பி. நீங்க மொதல்ல என் இடுப்பத்தான் பாத்தீங்க. உள்ள பை இருக்குன்னு எப்படித் தெரியும்?"

இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவளாம். டிக்கெட் எடுக்காதவன் சொல்லும் கதைகளில் அவள் கேட்காத கதை கிடையாதாம். தங்கை இதைப் பெருமையாகச் சொல்லி வாய் மூடுவதற்குள் டெய்லருக்கு வசனம் மறந்துபோனது. வாயில் வந்தது தொழில் மட்டும்தான்.

"நான் டெய்லர்மா. தையல் இழுத்துப் பிடிச்சிருக்கு. ஒத்தை நூல்ல போட்டிருக்காங்க."

இன்ஸ்பெக்டரம்மா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் சந்தேகம் கொஞ்சம் தளர்ந்தது.

"தொழில்காரன் மாதிரிதான் பேசறீங்க. ஆனா காசு கையில தர மாட்டேன். டிக்கெட் வேணுமா, வாங்க, கவுன்டருக்குப் போலாம். இல்ல, நிஜமாவே கஷ்டம்னா எம்பஸிக்குப் போன் போட்டுத் தரேன், நீங்களே பேசுங்க. எது வேணும்?"

டூர் மேனேஜர் கொடுத்த அவசர எண்கள் அச்சடித்த அட்டையை எடுத்தாள், போனையும் எடுத்தாள். ஏமாற்றுக்காரன் இந்த இடத்தில் ஓடிவிடுவான் என்பது அவள் கணக்கு. அது சரியான கணக்குதான். ஏழு மாதத்தில் இப்படிக் கேட்டவர்களிடமிருந்து டெய்லரே எத்தனையோ தடவை ஓடியிருக்கிறான். இன்றைக்கு ஓடவில்லை. அந்தப் போன் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"போன் போடுங்கம்மா" என்றான். பிறகு அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினான். ஆஸ்பத்திரியும் இல்லை, பர்ஸும் இல்லை, எல்லாம் பொய். "என் பாஸ்போர்ட்ட ஒருத்தர் பூட்டி வச்சிருக்காரும்மா. அவர் சொல்லித்தான் கேக்கறேன். இதோ, பெஞ்சுல உக்காந்து நம்மளத்தான் பாக்கறாரு." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடுச் சதுக்கத்தில், நாற்பத்தொரு வயது ஆள், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான்.

இன்ஸ்பெக்டரம்மா எண்களை அழுத்த ஆரம்பித்தாள். மணி அடித்தது. தங்கை அவன் தோளைத் தொட்டு, "அழாதீங்க தம்பி" என்றாள்.

அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். ஓடி வரவில்லை. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சலவைச் சட்டையும் கழுத்து அட்டையுமாக நிதானமாக வந்தார். டெய்லரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரம்மாவை முகத்துக்கு நேரே பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிக்கணும்மா. நான் இந்த ஊர்லயே இருபது வருஷமா இருக்கேன். இந்த ஆளு தினமும் இதே வேலைதான். காலைல ஆஸ்பத்திரி, சாயங்காலம் பாஸ்போர்ட். இப்ப என்னைக் கை காட்டியிருப்பானே?"

தங்கை டெய்லரின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"நம்ம ஆளுங்க ஏமாறக் கூடாதுன்னுதான் நான் இங்க உக்காந்திருக்கேன். ஒரு பைசா தராதீங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா இரண்டடி பின்வாங்கிக்கொண்டார்.

கேட்கிறவனைப் பிடிக்க இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம் இருந்தது. எதுவுமே கேட்காதவனை அவள் சந்தேகப்பட்டுப் பழகவில்லை. போனில் யாரோ எடுத்து "ஹலோ" என்றார்கள். அவள் அதை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"பொய்ம்மா, அவர்தான்... அவர் வீட்டு பீரோவுலதாம்மா..." என்று டெய்லர் தடுமாறினான். உண்மையைச் சொல்லி அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒத்திகை பார்த்த பொய் தேன் மாதிரி வரும். இது திக்கித் திணறி வந்தது.

அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். கொஞ்ச நேரம் நம்பிவிட்டோமே என்ற வருத்தம். சித்தப்பாவுக்கு நன்றி சொன்னாள். இந்த ஊரில் பணம் மாற்ற நல்ல இடம் எது என்று அவளே அவரிடம் கேட்டாள். நாம் வாயைத் திறந்து கேட்டால்தானே தப்பு என்பது சித்தப்பாவின் கணக்கு. சித்தப்பா முதலில் தயங்குகிற மாதிரி தயங்கி, அப்புறம் கூட நடந்தார்.

டெய்லரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பின்னால் ஓடினான். "அவர் கூடப் போகாதீங்கம்மா, செல்லாத நோட்டக் குடுத்துடுவார்" என்று கத்தினான். சதுக்கமே திரும்பிப் பார்த்தது. இன்ஸ்பெக்டரம்மாவும் திரும்பினாள். இவ்வளவு நேரம் தம்பி, நீங்க என்று பேசிய வாய்தான்.

"வெக்கமா இல்லையாடா உனக்கு?"

அன்று மாலை டெய்லர் பாயில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். என்ன நடக்குமோ என்று மற்ற நாலு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடி விழும் என்று நினைத்தான். விழுந்திருந்தால் தேவலை. சித்தப்பா உள்ளே வந்து அவன் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்து, முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"நான்கூட ஒரு நிமிஷம் பயந்துட்டேன் டெய்லரே. ஆனா என்னா அழுகை. அந்தம்மா ரெண்டு பேரும் பைல இருந்த பணம் மொத்தத்தையும் என் கையில குடுத்து, செல்லாத நோட்டா மாத்திக்கிட்டுப் போனாங்க. இனிமே ஆஸ்பத்திரிக் கதையே வேணாம். நாளையிலேருந்து இதான்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். டெய்லர் அவர்களிடம் தன் நிஜப் பெயரைச் சொன்னான். எந்த ஊர், கடை எந்தத் தெருவில், எத்தனை மாதமாக இங்கே இருக்கிறான், எல்லாம் சொன்னான். பெஞ்சில் இருப்பவரைக் காட்டி, என் பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது என்றான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சித்தப்பா பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கணவன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, அவர்களுக்குக் கேட்காதபடி டெய்லரின் காதோரம் குனிந்தார்.

"நேத்து அழுத மாதிரி இல்லையே" என்றார்.