வெறுங்கேனைத் திருப்பித் தராத தெரு

கேன்களைத் திருப்பி வாங்க வந்த செல்வகுமாரி, முதல் கேனைத் திறந்து பார்த்துவிட்டு என் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வறுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. அடுத்ததில் பச்சரிசி. அதற்கடுத்ததில் எலுமிச்சம்பழம்.

அவள் கேட்டிருந்தது சிறுநீர். ஒரு நாள் முழுவதும் போவதை அந்த வாயகன்ற கேனில் சேர்த்துத் தந்தால், நாம் எவ்வளவு உப்பு தின்கிறோம் என்பது தெரிந்துவிடுமாம். எங்கள் தெருவிலோ, அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் கிடையாது. அதிலும் நம் பெண்ணின் கையில் போய் மூத்திரத்தைக் கொடுப்பதா? கழுவிக் காயவைத்து, வீட்டில் இருந்ததைப் போட்டுவிட்டார்கள்.

செல்வகுமாரி, கரும்புக்குச் சோகை உரிக்கப் போகும் கலியம்மாளின் மகள். எங்கள் தெருவிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் ஆள். மருத்துவ ஆராய்ச்சியை டவுன் பிள்ளைகள் மட்டும்தான் செய்ய வேண்டுமா, இப்படிப்பட்ட பிள்ளைகளும் செய்யட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் நிதி ஒதுக்கியிருக்கிறார். மாதாமாதம் வரும் அந்த உதவித்தொகையால்தான் அவள், திருபுவனை கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸில் ஏறாமல் இருக்கிறாள்.

"திங்கக்கெழம காலைல ஆராய்ச்சி மேடம் வண்டியோட வராங்க தாத்தா. சாம்பிள் இல்லன்னா என் எடத்த வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாங்க."

"மல்லாட்டையக் குடுத்து அனுப்பேன். உப்பு போட்டுத்தான வறுத்துகீறாங்க?"

"அட போ தாத்தா!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

போன மாதம், பிரஷர் மிஷினைப் பழகிக்கொள்ள வந்தவள், என் வீட்டுக்காரி தையலம்மாள் கையில் அதைக் கட்டிப் பார்த்துவிட்டு, உடனே ஆட்டோவைக் கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஒரு பக்கம் கைகால் விழுந்திருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இப்போது தையலம்மாள் மாத்திரை போட்டுக்கொண்டு, பழைய பலத்தோடு என்னைத் திட்டுகிறாள். நான் சொல்வதில் பத்துக்கு ஒன்பது புளுகு என்பது ஊரறிந்த விஷயம். இது மிச்சமுள்ள ஒன்று.

செல்வகுமாரி என் வாசற்படியில் உட்கார்ந்த அன்று சனிக்கிழமை. ஒரு கேனை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் காலை வரை சேர்த்தேன். ஞாயிறன்று, எல்லோரும் குழாயடியில் நிற்கும் நேரம் பார்த்து, அதைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவோடு நடந்தேன்.

"இன்னா பெரியப்பா, தேனா?" என்றான் பக்கிரிசாமி.

"மூத்திரம்."

பக்கிரிசாமி இரண்டடி பின்னால் போனான்.

"பிரெஞ்சுக்காரன் காலத்துல எங்க தாத்தனோடத கப்பல்ல ஏத்தினு போனாங்கடா. அங்க வாடிக் கெடந்த திராட்சைத் தோட்டம் ஒண்ணு அதுலதான் தழைஞ்சுது. நன்றிக்கு வருசா வருசம் ஒயின் பாட்டில் அனுப்புவாங்க. தாத்தன் வாயிலயே வைக்க மாட்டாரு. அதுல இன்னா கீதுன்னு அவருக்குத்தான தெரியும்?"

நாகம்மாளுக்குச் சிரிப்பில் குடம் சாய்ந்தது. "ஏன் மாமா, உங்க வூட்டுதுக்குத்தான் அந்த மவுசா? எங்க வூட்டுதுக்கு இன்னா கொறைச்சல்?"

"உனுக்கு எதுக்கு நாகு? கேன் கொஞ்சந்தான் கீது. நல்ல வம்சமா பாத்துத்தான் குடுக்கணும்."

அவ்வளவுதான். செல்வகுமாரி கேன்களோடு வெளியே வருவதற்குள் அவள் வாசலில் கூட்டம்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. ஆண்கள் மஞ்சள் பையில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். நாகம்மாள் தாம்பாளத்தில் வைத்து, ரவிக்கைத் துணியால் மூடி, அதன்மேல் ஒரு கிள்ளு மல்லிகையும் வைத்திருந்தாள், சீர் கொண்டுவருகிறவள் போல. செல்வகுமாரி கையுறையோடு ஒவ்வொன்றையும் இரண்டு கைகளாலும் வாங்கி, எண் ஒட்டி மேடத்திடம் தந்தாள்; நாகம்மாளின் கேனை அந்த மல்லிகையோடேயே தந்தாள். கலியம்மாள் அன்று சோகை உரிக்கப் போகவில்லை. மகளின் கைகளையே பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

வண்டிக் கதவை மூடும்போது தையலம்மாள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேனைத் திருப்பி அனுப்பறப்ப வெறுமனே அனுப்பாதம்மா. உள்ள இன்னா இருந்துச்சுன்னு எங்களுக்கும் சொல்லி அனுப்பு. அதையும் இந்தப் பொண்ணுகிட்டயே குடுத்தனுப்பு."

மேடம் என்ன சொன்னார் என்பது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கரும்புக் கொல்லையோரம் வண்டி மெல்லத் திரும்பியது. பின்கண்ணாடி வழியே, வரிசையாக நின்ற கேன்களில் ஒன்றின் தலையில் அந்த மல்லிகை ஆடிக்கொண்டே போனது.