கொட்ரப்பாவின் நல்ல கால்

தாவணகெரெ பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற கொட்ரப்பாவுக்கு, இரண்டு வயதில் வந்த போலியோ இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. வலது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. அதை அவர் 'நம்ம சிங்கக்குட்டி' என்பார். லிஃப்ட் இருந்தாலும் படியேறித்தான் போவார். யாராவது கை கொடுக்க வந்தால் முறைப்பார்.

அந்தச் சிங்கக்குட்டிதான் ஒரு நாள் குளியலறை வாசலில் மடங்கிக்கொண்டது. பிறகு அடிக்கடி மடங்கியது.

தெருமுனை டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனதும் சும்மா உட்கார்ந்துட்டீங்க. தினமும் ஒரு மணி நேரம் நடங்க," என்றார்.

தன்னைச் சோம்பேறி என்று ஒருவன் சொன்ன ரோஷத்தில் கொட்ரப்பா இரண்டு மணி நேரம் நடந்தார். வழியில் மிளகாய் பஜ்ஜிக் கடையில்கூட உட்காரவில்லை. ஒரே மாதத்தில், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மேசையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"இன்னும் கொஞ்சம் நடங்க, கால் மொத்தமா கரைஞ்சிடும்," என்று சொல்லி, மனைவி நீலவ்வா அவரை நரம்பு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் தேஜஸ்வினி எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனை, முதுகு ஸ்கேன் எதிலும் கோளாறு இல்லை. கடைசியில் இரண்டு கால் தசையிலும் ஊசி குத்தி, நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று திரையில் பார்த்தார்.

"வலது காலுக்கும் அப்பவே போலியோ வந்திருக்கு சார்."

"தப்பான காலைப் பார்க்கறீங்கம்மா. அது நல்ல கால்."

"பாதி நரம்பு அப்பவே செத்துப்போச்சு. மிச்சம் இருந்தது ரெண்டு ஆள் வேலையைப் பார்த்துச்சு. இப்போ அதுவும் ஓய்ஞ்சுபோச்சு. போலியோ வந்து பல வருஷம் கழிச்சு வர்ற தளர்ச்சி இது. இதுக்குன்னு தனி டெஸ்ட் கிடையாது. வேற எந்த வியாதியும் இல்லைன்னு ஒவ்வொண்ணா தள்ளித்தான் இதுன்னு சொல்ல முடியும்."

"மருந்து?"

"களைக்கறதுக்கு முன்னாடியே உட்காருங்க. கைத்தடி வெச்சுக்குங்க."

கொட்ரப்பாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, காய்ச்சலை வெளியே சொல்லாமல் வேலைக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல் வலது காலைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றுத்திறனாளிகள் சங்கம் அவருக்குத் 'தளராத மனிதர்' என்று பட்டம் கொடுத்தது. இரண்டு பேர் தூக்கித்தான் மேடையில் ஏற்றினார்கள். சால்வையோடு உட்கார்ந்தபடியே பேசினார்.

"என்னை மாதிரி இருக்காதீங்க. களைப்பா இருந்தா உட்காருங்க. ஒத்தைக் கால்ல நின்னு ஜெயிச்சேன்னு நினைச்சேன். அதுவும் நோயாளிக் கால்தானாம், நரம்பு டாக்டரம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது."

சங்கத் தலைவர் முகம் சுருங்கியது. "அண்ணனுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லை," என்று மைக்கை வாங்கி, விடாமுயற்சியைப் பற்றி விடாமல் பேசினார்.

கீழே, காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் போட்ட ஒரு பெண் எழுந்தாள். "அண்ணா, எனக்கும் கொஞ்ச நாளா கை தூக்க முடியலை. எல்லாம் உன் மனப்பிரமைங்கறாங்க. அந்த டாக்டர் எங்கே இருக்காங்க?"

அவளுக்குப் பின்னால் ஊன்றுகோல்கள் ஒவ்வொன்றாகத் தட்டி எழுந்தன. நீலவ்வா மேடையோரம் வந்து, தலைவரின் மைக்கையும் மிஞ்சும் குரலில் டாக்டரின் விலாசத்தைச் சொல்லத் தொடங்கினாள்.